கல்லில் ஒரு பீரங்கி, வெண்கலத்தில் ஒரு பிணம்: சிற்பி சார்ல்ஸ் ஜாகர் குறித்த நிகழ்வு ஆய்வு

லண்டனின் ஹைட் பார்க் முனையில் 1925 அக்டோபர் 18 அன்று கன்னாட் கோமகன் திறந்துவைத்த ராயல் பீரங்கிப் படை நினைவுச்சின்னத்தின் உச்சியில் வெற்றித் தேவதையோ சிறகு விரித்த கழுகோ இல்லை. அங்கே போர்ட்லாந்து சுண்ணக்கல்லில், நிஜ அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகச் செதுக்கப்பட்ட 9.2 அங்குல ஹோவிட்சர் பீரங்கி ஒன்று வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் கீழே சிலுவை வடிவப் பீடத்தின் நான்கு முனைகளிலும் நான்கு வெண்கல மனிதர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள். தெற்கே படைத்தலைவர், கிழக்கே குண்டு சுமப்பவர், மேற்கே பீரங்கி வண்டிக் குதிரைகளை ஓட்டுபவர், வடக்கே இறந்து கிடக்கும் ஒரு வீரர். பொதுவெளியில் எழுப்பப்படும் நினைவுச்சின்னத்தில், உருவகப் போர்வை எதுவும் இன்றி, சீருடையும் ஆணியடித்த பூட்ஸுமாக ஒரு பிணத்தைக் கிடத்துவது அன்றைய பிரிட்டனில் எளிதில் ஏற்கத்தக்க செயலாக இருக்கவில்லை.

இதைச் செய்த சார்ல்ஸ் சார்ஜென்ட் ஜாகர் முதல் உலகப் போரில் காலாட்படை அதிகாரியாக இருந்து இருமுறை காயம்பட்டவர். ஆகவே, போரை நேரில் கண்டதால்தான் அவர் போரை உள்ளபடி காட்டினார் என்ற விளக்கம் அவரைப் பற்றி எழுதுவோர் பேனாவில் தானாகவே வந்து விழுகிறது. அந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைச் சோதிப்பதே இந்த ஆய்வின் நோக்கம். போர் அனுபவம் மட்டும் இந்தச் சின்னத்தைத் தந்திருக்க முடியாது என்பது என் கருத்து. செதுக்குத் தொழில் பழகிய கை, அகழியில் கிடந்த உடல், எதைக் கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்ட படைப்பிரிவு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால்தான் அது சாத்தியமாயிற்று.

பட்டறையிலிருந்து கல்லூரிக்கு

ஜாகர் 1885 டிசம்பர் 17 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாவட்டத்தில் கில்ன்ஹர்ஸ்ட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை சுரங்க நிர்வாகி. பதினான்கு வயதில் ஷெஃபீல்டின் மாப்பின் அண்ட் வெப் நிறுவனத்தில் உலோகத்தில் பொறிப்பு வேலை பழகும் தொழிற்பயிலுநராகச் சேர்ந்தார். ஷெஃபீல்டு கத்திக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் பெயர்போன நகரம். அங்கே பொறிப்பு வேலைக்காரர் என்றால் ஒரு கரண்டிக் காம்பின் அகலத்துக்குள் கொடியும் இலையும் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். பகலில் அந்த வேலை, மாலையில் ஷெஃபீல்டு கலைப்பள்ளி என்று கழிந்த ஆண்டுகளுக்குப் பிறகு, 1907-இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்குச் சென்று எதுவார் லான்தெரியிடம் பயின்றார். மனித உடலைக் களிமண்ணில் உருவாக்கும் முறையைக் கற்பிப்பதில் லான்தெரிக்கு அக்காலத்தில் பெரும் பெயர் இருந்தது.

அந்தப் பயிற்சிக் காலத்துப் படைப்புகள் புராண, வீரகாவியப் பாத்திரங்களைச் சுற்றியே இருந்தன. அவற்றில் திறமை தெரிகிறது. ஆனால் அந்தத் தலைமுறை மாணவர் பலரும் செய்யக்கூடியவைதாம் அவை. 1914-இல் ரோம் நகரிலுள்ள பிரிட்டிஷ் பள்ளியில் தங்கிப் பயில்வதற்கான சிற்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. போர் மூண்டதும் அதை விட்டுவிட்டு, கலைஞர்கள் பலர் சேர்ந்திருந்த ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். முந்தைய ஆண்டு, அதாவது 1913-இல், அதே பரிசைப் பெற்றவர் கில்பர்ட் லெட்வார்ட். இந்தப் பெயர் பின்னால் தேவைப்படும்.

இரண்டு காயங்கள், இரண்டு புடைப்புச் சிற்பங்கள்

1915-இல் வூஸ்டர்‌ஷயர் படைப்பிரிவில் அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஜாகர் துருக்கியின் கலிப்போலி முனைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் இடது தோளில் குண்டு பாய்ந்தது. மால்டா வழியாக இங்கிலாந்து கொண்டுவரப்பட்டுத் தேறிய பின் பிரான்சு, பெல்ஜியம் பக்கத்து மேற்குப் போர்முனைக்குச் சென்றவர், 1918 ஏப்ரலில் ஜெர்மானியர் நடத்திய லிஸ் தாக்குதலின்போது பெல்ஜிய எல்லையருகே மீண்டும் காயம்பட்டார். ராணுவச் சிலுவைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இரண்டாம் காயத்திலிருந்து தேறிவந்த காலத்தில் அவர் கையில் எடுத்த இரண்டு பணிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். முதலாவது, பிரிட்டிஷ் போர் நினைவுச்சின்னக் குழு அவரிடம் கேட்ட பெரிய புடைப்புச் சிற்பம். 1914 ஈப்ர் போரில் வூஸ்டர்‌ஷயர் வீரர்கள் கெலுவெல்ட்டில் நடத்திய எதிர்த்தாக்குதல் அதன் பொருள். தன் படைப்பிரிவின் புகழ்பெற்ற நாள்தான் என்றாலும், அந்த நாளில் ஜாகர் அங்கே இல்லை. அதில் உடல்கள் மோதுகின்றன, துப்பாக்கி முனைகள் பாய்கின்றன, ஆவேசம் இருக்கிறது. கல்லூரியில் கற்ற கலவரக் காட்சி சீருடை மாற்றிக்கொண்டு வந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இரண்டாவது, இப்போது டேட் அருங்காட்சியகத்தில் உள்ள ‘யாருக்கும் சொந்தமில்லா நிலம்’ என்ற வெண்கலப் புடைப்புச் சிற்பம். மூன்று மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இந்தப் பலகையில் சண்டையே இல்லை. முள்கம்பியும் சடலங்களும் சிதறிக் கிடக்கும் நடுவெளியில் ஒரே ஒரு வீரர் உயிரோடிருக்கிறார். இரவில் எதிரி அகழியருகே ஊர்ந்து சென்று, அங்கே கிடக்கும் பிணங்களுக்கிடையில் தானும் ஒரு பிணம்போலக் கிடந்து, எதிர்த்தரப்பின் பேச்சையும் மண்வெட்டி ஓசையையும் கேட்டு வந்து சொல்வது அக்காலப் போரில் ஒரு காவல் பணி. உயிரோடிருப்பவர் யார், இறந்தவர் யார் என்று பார்ப்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கம்பியில் தொங்கும் உடலின் எடை, முழங்கை மடங்கும் விதம், துணி உடலோடு ஒட்டியும் ஒட்டாமலும் விறைத்திருக்கும் நிலை ஆகியவற்றைக் கேள்வி ஞானத்தால் செய்ய முடியாது. அதே நேரத்தில், சில அங்குல ஆழத்துக்குள் இத்தனை தளங்களைக் குழப்பமின்றி அடுக்குவதற்கு ஷெஃபீல்டில் பழகிய கை வேண்டும். ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே காலம். பொருளைத் தன் உடலால் அறிந்திருந்தபோது ஒரு மாதிரியும், அறியாதபோது வேறு மாதிரியும் செய்திருக்கிறார்.

நிற்கும் சிப்பாய்கள்

போர் முடிந்ததும் பிரிட்டனில் ஊர்தோறும், நிறுவனந்தோறும் நினைவுச்சின்னங்கள் எழுந்தன. ஜாகருக்கு வேலை குவிந்தது. ஹாய்லேக், வெஸ்ட் கர்பி ஊர்களுக்காக 1922-இல் அமைந்த சின்னத்தில் காவல் நிற்கும் வீரரின் காலடியில் ஒரு ஜெர்மானியத் தலைக்கவசம் கிடக்கிறது. மான்செஸ்டரில் வாட்ஸ் துணிக் கிடங்கின் நுழைவாயிலுக்கு ஒரு காவல் வீரரைச் செய்தார். அந்தக் கட்டடம் ஹோட்டலான பின்னும் அவர் வாயிலில்தான் நிற்கிறார். போர்ட்ஸ்மவுத்தில் இயந்திரத் துப்பாக்கியோடு இருவர் அமர்ந்திருக்கின்றனர்.

இவற்றில் தனித்துச் சொல்லவேண்டியது பாடிங்டன் ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் 1922 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நினைவுச்சின்னம். போரில் மாண்ட 2,500-க்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களுக்கானது அது. மேலங்கியைத் தோளில் போட்டு, கம்பளிக் கழுத்துத்துணி சுற்றிய ஒரு வீரர் குனிந்து கடிதம் படிக்கிறார். அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் வழியனுப்பப்பட்டுப் போனவரை அதே நிலையத்தில் வீட்டுக் கடிதத்தோடு நிறுத்திய பொருத்தத்துக்கு மேலாக, அந்த மேலங்கியைப் பார்க்க வேண்டும். அது விழும் மடிப்புகளில் அழகு தேடப்படவில்லை. ஈரத்தில் ஊறிக் காய்ந்த தடித்த கம்பளி எப்படித் தொங்குமோ அப்படித் தொங்குகிறது. ஜாகரின் வீரர்களை அடையாளம் காட்டுவது முகபாவம் அல்ல, அவர்கள் உடலில் ஏறியிருக்கும் பாரம் என்பதற்கு இந்தச் சிலையே சான்று. பிழைப்புக்காகச் சுமப்பவருக்கு உரிய நிதானமான நிற்பு அவர்களுக்கு இருக்கிறது. அவர்கள் போரை ஒரு வேலையாகச் செய்கிறார்கள்.

பீரங்கிப் படை என்ன கேட்டது

ராயல் பீரங்கிப் படையினரின் நினைவு நிதிக் குழு 1918-இல் உருவானது. அவர்கள் முதலில் அணுகியவர்களில் எட்வின் லட்யன்ஸும் ஒருவர். லண்டனில் செனோடாஃப் என்னும் வெற்றுக் கல்லறைப் போர் நினைவுச்சின்னத்தாலும், புதுதில்லி நகரத் திட்டத்தாலும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் அவர். அவர் தந்த வடிவங்கள் குழுவுக்குத் திருப்தி தரவில்லை. அவை செனோடாஃபை நினைவூட்டும் கட்டட வடிவங்களாக இருந்தன. குழுவோ, பார்த்த மாத்திரத்தில் இது பீரங்கிப் படையின் சின்னம் என்று எவருக்கும் விளங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தது. வடிவமைப்பாளரின் புகழுக்குத் தலைவணங்காமல் ‘எங்களுக்கு வேண்டியது இதுவல்ல’ என்று சொன்ன அந்தக் குழுவை, சிற்பக்கலை வரலாறுகள் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம். நம்மூரில் சிலைக்குழுக்கள் கூடும் விதத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1921-இல் பேச்சு ஜாகரிடம் வந்தது. கட்டடக் கலைஞர் லயனல் பியர்சனோடு சேர்ந்து அவர் கொடுத்த திட்டத்தில் ஹோவிட்சர் பீரங்கி உச்சிக்கு ஏறியது. ஜாகர் காலாட்படைக்காரர், பீரங்கியை இயக்கியவர் அல்லர். அகழியில் கிடந்து தலைக்குமேல் பறக்கும் குண்டுகளின் ஓசையைக் கேட்டவர். ஆகவே பீரங்கிக்காரர்களின் கருவிகளையும் உடுப்புகளையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குண்டு சுமப்பவரின் இருபுறமும் தொங்கும் நீண்ட பைகள், வண்டி ஓட்டுபவரின் வலது காலில் கட்டியிருக்கும் காப்பு, குதிரை வார்கள் என்று ஒவ்வொன்றும் பயன்பாட்டை அறிந்து செய்யப்பட்டிருக்கிறது. பணி ஒப்புக்கொண்ட தேதியைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனதற்கு இந்த நுணுக்கமும் ஒரு காரணம்.

வெண்கல உருவங்களில் மேற்குப் பக்கத்து வண்டி ஓட்டுபவர் முன் சற்று நிற்க வேண்டும். மழைத்துணி போர்த்தி, சுவரில் சாய்ந்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி அதன்மேல் ஊன்றி நிற்கிறார். சிலுவையில் அறையப்பட்டவரின் கோலம் இதில் இருக்கிறது என்று பலர் எழுதியிருக்கின்றனர். சாயல் உண்மைதான். ஆனால் நாள் முழுதும் குதிரை ஓட்டிய ஒருவர் ஓய்வு கிடைத்ததும் சாய்ந்து நிற்கும் வழியும் அதுவே. இரண்டையும் ஒரே உடலில் நிறுத்தி, எதையும் அழுத்திச் சொல்லாமல் விட்டது ஜாகரின் கெட்டிக்காரத்தனம்.

வடக்குப் பக்கத்து இறந்த வீரர் முதல் திட்டத்தில் இல்லை. வேலை பாதி நடந்த பிறகு, 1924-இல், ஜாகர் இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். வீரரின் உடல் மேலங்கியால் மூடப்பட்டிருக்கிறது, தலைக்கவசம் நெஞ்சின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது, மூடிய துணிக்கு வெளியே பூட்ஸ் அணிந்த கால்கள் நீண்டிருக்கின்றன. இறந்தவர்களின் தாய்மார்களும் மனைவியரும் இதைக் கண்டால் என்ன ஆகும் என்ற அச்சம் குழுவுக்குள் எழுந்தது. தேவையானால் அந்த உருவத்துக்கான செலவைத் தானே ஏற்பதாக ஜாகர் சொன்னார். இறுதியில் குழு இணங்கியது. உருவத்தின் கீழே, ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலிருந்து, அரசகுலத்தவரும் சேர்ந்த மரணக் கூட்டத்தைக் குறிக்கும் வரி பொறிக்கப்பட்டது. முகத்தை மூடியதை நான் ஒரு சமரசமாகக் கருதவில்லை. முகம் தெரிந்திருந்தால் அவர் யாரோ ஒருவராகிவிடுவார். சின்னமோ, அதன் கல்வெட்டின்படி, அந்தப் படையில் மாண்ட 49,076 பேருக்கானது.

திறந்தபோது வரவேற்பு கலந்தே இருந்தது. பீரங்கியைக் கல்லில் செய்து உச்சியில் வைத்ததைப் பத்திரிகைகளில் கேலி செய்தவர்கள் உண்டு. பிணத்தைக் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. முன்னாள் பீரங்கி வீரர்களோ அதைத் தங்களுடையதாகவே ஏற்றுக்கொண்டனர். 1926-இல் பிரிட்டிஷ் சிற்பிகள் ராயல் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை இதற்காக ஜாகருக்கு வழங்கியது.

ஒப்பீட்டுக்கு மூவர்

போருக்குப் போனவர் உண்மையைச் செதுக்குவார் என்ற விதி இருந்தால், அது மற்றவர்களிடமும் தெரிய வேண்டும். அதே ஹைட் பார்க் முனையில், அதே 1925-இல், இயந்திரத் துப்பாக்கிப் படையின் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதைச் செய்த பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் நாற்பது வயதைக் கடந்த பின் லண்டனில் ஒரு ராணுவ மருத்துவமனையில் பணியாளராகச் சேர்ந்து, குண்டடியில் முகம் சிதைந்த வீரர்களுக்கு மெல்லிய உலோக முகமூடிகளை உருவாக்கித் தந்தவர். போர் மனித உடலுக்கு என்ன செய்யும் என்பதை அவரளவு அருகிலிருந்து கண்ட சிற்பி வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் அவர் செய்ததோ, விவிலியக் கதையில் தான் வீழ்த்திய கோலியாத்தின் வாளை ஏந்தி நிற்கும் அழகிய நிர்வாண தாவீது. உடலில் ஒரு கீறல்கூட இல்லை. இருபுறமும் உள்ள இரண்டு துப்பாக்கிகளுக்கும் வெற்றிமாலை சூட்டப்பட்டிருக்கிறது. சிதைந்த முகங்களோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர் முழுமையான உடலுக்கு ஏங்கியிருக்கலாம். அதை நாம் குறையாகச் சொல்ல முடியாது.

லெட்வார்ட் பீரங்கிப் படையிலேயே அதிகாரியாக இருந்தவர். 1926-இல் அவர் செய்து முடித்த காவற்படை நினைவுச்சின்னத்தில் ஐந்து வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். கைப்பற்றிய ஜெர்மானியப் பீரங்கிகளை உருக்கி வார்த்தவை அந்த உருவங்கள். சீருடை சரியாக இருக்கிறது, பொத்தான்கள் சரியாக இருக்கின்றன, பாரம்தான் இல்லை. அணிவகுப்பில் நிற்பவர்களைக் கேட்ட படைப்பிரிவுக்கு அணிவகுப்பே கிடைத்தது.

மூன்றாமவர் ஹென்றி மூர். 1917-இல் காம்ப்ரே போரில் விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் சிற்பியாக வளர்ந்த அவர், முதல் உலகப் போர் வீரர்களின் சிலைகளால் பெயரெடுத்தவர் அல்லர். அதே காம்ப்ரே போரில் கல்லறை இல்லாமல் மறைந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கி லூவர்வாலில் 1930-இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் அகழிக் காட்சிப் புடைப்புச் சிற்பங்கள் ஜாகருடையவை. நால்வரும் போரைக் கண்டவர்கள், நால்வரும் நான்கு வழியில் சென்றார்கள்.

போருக்கு அப்பால்

ஜாகரைப் போர்ச் சிற்பி என்று மட்டும் சுருக்குவதும் பொருந்தாது. லண்டன் ராயல் புவியியல் கழகத்தின் சுவரில் 1932-இல் வைக்கப்பட்ட துருவப் பயணி ஷாக்கிள்டன் சிலையில் முகத்தைச் சுற்றிய கம்பளியும் பெரிய கையுறைகளும் கனத்த காலணிகளும்தான் பேசுகின்றன; பாடிங்டன் சிப்பாயின் மேலங்கி இங்கே பனிநாட்டு உடையாகியிருக்கிறது. மறுபுறம், செல்வந்தர் ஹென்றி மாண்ட் இல்லத்துக்காக 1930-இல் செய்த ‘அவதூறு’ என்ற வெண்கலப் பலகையில் ஊரார் வாய்க்கு அஞ்சாத நிர்வாணத் தம்பதியரைத் தயக்கமின்றிக் காட்டினார். நிர்வாணம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற கணக்கு அவரிடம் தெளிவாக இருந்தது.

இந்தியத் தொடர்பு கலவையானது. முதல் உலகப் போரில் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் மாண்ட இந்திய ராணுவத்தினருக்காகச் சூயஸ் கால்வாய் முனையில் போர்ட் தௌஃபிக்கில் 1926-இல் அமைக்கப்பட்ட சின்னத்துக்கு ஜாகர் புலிகளைச் செய்தார். அரபு-இஸ்ரேல் மோதல்களில் அது சேதமுற்றுப் பின் அகற்றப்பட்டது. ஏறக்குறைய நாலாயிரம் பெயர்களும் இப்போது கெய்ரோவின் ஹீலியோபோலிஸ் போர்க் கல்லறையில் உள்ளன. பீரங்கிச் சின்னத்துக்குத் தன் வடிவங்கள் ஏற்கப்படாத லட்யன்ஸ், அதையெல்லாம் மனத்தில் வைக்காமல், புதுதில்லி வைஸ்ராய் மாளிகையின் கல் யானைகளுக்கு ஜாகரையே அமர்த்தினார். வைஸ்ராய் ரீடிங் பிரபுவுக்கு அவர் செய்த சிலை தில்லியிலிருந்து அகற்றப்பட்டு 1971-இல் இங்கிலாந்தின் ரீடிங் நகரில் நிறுவப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பளிங்குச் சிலை இந்தியா கேட் அருகே லட்யன்ஸ் கட்டிய மண்டபத்தின் கீழ் 1936-இல் திறக்கப்பட்டு, 1968-இல் அகற்றப்பட்டு, இப்போது முடிசூட்டுப் பூங்காவில் நிற்கிறது. அந்த மண்டபத்தில் 2022 முதல் நேதாஜியின் கருங்கல் சிலை இருக்கிறது. மன்னரின் அங்கி மடிப்புகளிலும் ஜாகரின் கைத்திறம் உண்டு. ஆனால் அந்த அங்கிக்குள் சுமப்பவர் யாரும் இல்லை. பொருளைத் தன் உடலால் அறியாத இடத்தில் அவரும் ஒரு நல்ல தொழில்காரராகவே நின்றுவிடுகிறார் என்பதற்குத் தில்லிச் சிலை மற்றொரு சான்று.

அந்தச் சிலை திறக்கப்படுவதை அவர் காணவில்லை. 1934 நவம்பர் 16 அன்று, நாற்பத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், காலமானார். முந்தைய ஆண்டுதான் சிற்பச் செய்முறை பற்றிய அவருடைய நூல் வெளிவந்திருந்தது. அதன்பின் மூர் தலைமுறையின் கலை மேலோங்கியதால், சீருடைச் சிப்பாய்களைச் செய்தவர் என்று ஒதுக்கப்பட்டு அரை நூற்றாண்டுக் காலம் அதிகம் பேசப்படாமல் இருந்தார். 1985-இல் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அவர் படைப்புகளைத் திரட்டி நடத்திய கண்காட்சிக்குப் பின் மதிப்பீடு மாறத் தொடங்கியது.

இன்று அவரைப் போர் எதிர்ப்புச் சிற்பியாகக் காட்டும் போக்கும் தலைதூக்கியிருக்கிறது. அதற்கு நினைவுச்சின்னமே இடம் தரவில்லை. பிணம் வடக்கே கிடப்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை உச்சியில் பீரங்கி பெருமிதத்தோடு நிற்பதும். அதைக் கேட்டவர்கள் பீரங்கிக்காரர்கள். செய்தவர் அவர்களை மதித்தவர். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 29,924 பீரங்கி வீரர்களுக்கான வெண்கலப் பலகைகளை 1949-இல் அதே படை அதே சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது. 2014-இல் அது பிரிட்டனின் முதல்தரப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது.